ஒரு மூலை வெட்டுகிறது, மறு மூலை வெட்டவில்லை: வீட்டு லேசர் கட்டரில் மிரர் சரிசெய்யும் முறை

வளைகாப்புக்குப் பெயர் போட்ட தாம்பூலத் தட்டு, வாசலுக்குப் பெயர்ப்பலகை, கொலுவுக்கு அலங்காரம் என்று செய்து கொடுக்க 40 வாட் சிஓ2 லேசர் கட்டர் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்திருக்கிறீர்கள். 3 மிமீ எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை இடது பின்மூலையில் ஒரே ஓட்டத்தில் அறுந்து விழுகிறது. அதே வேகம், அதே பவரில் வலது முன்மூலையில் பாதி ஆழம்தான் போகிறது. விற்றவரைக் கூப்பிட்டால் "அலைன்மென்ட் போயிருக்கும் சார்" என்கிறார். அதாவது, லேசர் கதிரைத் திருப்பிவிடும் மிரர்களின் கோணம் மாறியிருக்கிறது. கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ சர்வீஸ் ஆளை வரவழைத்தால் போக்குவரத்து, தங்கல், கூலி எல்லாம் நம் தலையில். நீங்களே செய்யலாம். முதல் தடவை ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். கை பழகிய பிறகு அரை மணி, ஒரு மணி நேர வேலைதான்.

லேசர் உண்டாகும் கண்ணாடி டியூப் பின்பக்கம் படுத்திருக்கும், 3 மிரர், 1 லென்ஸ் உள்ள கே40 வகை மெஷினுக்காக எழுதுகிறேன். டயோடு லேசருக்கு இது பொருந்தாது. அதில் மிரரே கிடையாது.

1. முதலில், இது மிரர் கோளாறுதானா?

ஸ்க்ரூவில் கை வைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம். அதனால் மற்ற சந்தேகங்களை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலம் குறைந்திருந்தால் பெரும்பாலும் அது அலைன்மென்ட் கோளாறு கிடையாது. லென்ஸ் அழுக்காக இருக்கும், டியூபைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடாகியிருக்கும், இல்லாவிட்டால் டியூப் வயதாகியிருக்கும். எம்.டி.எஃப் புகையில் பிசின் இருப்பதால் ஏர் அசிஸ்ட் (காற்று ஊதிப் புகையை விலக்கும் வசதி) இல்லாத மெஷினில் லென்ஸ் சீக்கிரமே பழுப்பேறிவிடும்.

இடத்துக்கு இடம் பலம் மாறினால் ஒரு சோதனை. பலகையின் நான்கு மூலையிலும் நடுவிலும் 20 மிமீ சதுரம் ஒவ்வொன்று வெட்டுங்கள். பிறகு அதே பலகையை 180 டிகிரி திருப்பி வைத்து, பழைய வெட்டுக்குப் பக்கத்தில் மறுபடி வெட்டுங்கள். வெட்டாத இடம் பலகையோடு சேர்ந்து திரும்பியதா? அப்படியானால் கோளாறு பலகையில். நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரில் சாய்த்து வைத்த எம்.டி.எஃப் ஈரம் குடித்து வளைந்துவிடும். இந்த மெஷின்களில் வரும் 50.8 மிமீ லென்ஸுக்குப் பலகை 2 மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலே வெட்டு தெரிகிற அளவுக்குக் கெடும். பலகையைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றி, பாலிதீன் சுற்றி வையுங்கள். வெட்டாத இடம் மெஷினின் அதே மூலையில் நின்றால்தான் மிரரைச் சந்தேகப்பட வேண்டும்.

காலையில் நன்றாக வெட்டி, பதினோரு மணிக்கு மேல் சோர்ந்துபோனால் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வைகாசியில் வாளித் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். டியூப் பலம் இழக்கும். சிடபிள்யூ-3000 என்ற குளிரூட்டியை வாங்கினால் சரியாகும் என்று விற்பார்கள். அதில் இருப்பது ரேடியேட்டரும் விசிறியும்தான்; அறை வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுவர அதனால் முடியாது. உண்மையிலேயே குளிர்விப்பது சிடபிள்யூ-5000, 5200 வகை. விலை டியூப் விலையைவிட அதிகம். வாளியில் ஐஸ் பாட்டில் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் டியூபின் மேல் நீர் கோக்கும் அளவுக்குக் குளிரவைக்காதீர்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து ஈரக்காற்றில் குளிர்ந்த டியூபின் வாயில் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். பீம் (லேசர் கதிர்) மங்கும், உயர் அழுத்த முனையில் தீப்பொறி பறக்கவும் வாய்ப்புண்டு. பலம் மாலையில் மட்டும் குறைந்தால் வோல்டேஜைப் பாருங்கள்.

எழுத்துகள் இரட்டையாகத் தெரிவது, வட்டம் ஆரம்பித்த இடத்தில் வந்து சேராதது, இவை பெரும்பாலும் பெல்ட் தளர்வு. எழுத்து இரட்டிப்பதை மட்டும், பீம் வெளியேறும் முனையில் (நாசிலில்) உரசுவதும் செய்யும். அது 7-ஆம் படியில் வருகிறது.

2. வாங்கி வைக்க வேண்டியவை

அங்குல அகல மாஸ்கிங் டேப், பெயின்ட் கடையில் கிடைக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், செல்போன் சர்வீஸ் கடைக்காரரிடம் கேட்டால் வாங்கும் இடம் சொல்வார். அரை லிட்டர் 200 முதல் 350 ரூபாய். நல்ல காட்டன் பட்ஸ், ஆலன் கீ செட், சின்ன ஸ்பேனர், மல்டிமீட்டர். டிஸ்டில்டு வாட்டருக்குப் பேட்டரி கடை. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடலோரத்து உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், டியூபுக்குள் படிவும் கட்டும்.

இதெல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடியும். மிரர், லென்ஸை இப்போதே வாங்காதீர்கள். சுத்தம் செய்து பார்த்து, பூச்சு உரிந்தோ நடுவில் கருத்தோ இருந்தால் மட்டும் வாங்குங்கள். மிரர் செட் 1,500 முதல் 3,000 வரை, லென்ஸ் தனியாக அதே அளவு, 40 வாட் டியூப் 8,000 முதல் 15,000 வரை கேட்கிறார்கள். கடைக்குக் கடை மாறும். ஆர்டர் போடும் முன் பழையதை அளந்துவிடுங்கள்: மிரர் பெரும்பாலும் 20 மிமீ, லென்ஸ் 12 அல்லது 18 மிமீ. அளக்காமல் வாங்கி, கூரியரில் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பது வீண் செலவு.

3. கண், எர்த், சுவிட்ச்

இந்த பீம் கண்ணுக்குத் தெரியாது. 10.6 மைக்ரான் (10600 நானோமீட்டர்) அகச்சிவப்பு. பாதுகாப்புக் கண்ணாடியில் 10600 என்ற எண் அச்சிட்டிருக்க வேண்டும். பெட்டியோடு இலவசமாக வரும் பச்சைக் கண்ணாடியை நம்ப வேண்டாம். சோதனை செய்யும்போது ஒரே ஆள்தான் மெஷின் பக்கம். குழந்தைகள் உள்ளே வந்துவிட்டால் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

டியூபுக்குப் போகும் மின்சாரம் 15,000 வோல்டுக்கு மேல். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று முனை பிளக் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட். அப்படி இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி போடுங்கள். சில ஆயிரம் ஆகும். கொடுத்துத்தான் ஆக வேண்டும், இதில் பேரம் வேண்டாம்.

ஸ்க்ரூ திருப்பும்போது லேசர் சுவிட்ச் ஆஃப். ஒவ்வொரு முறையும்.

4. சுத்தம்

ஒரு பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து, மிரரின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்த பட்ஸைத் தூக்கிப் போடுங்கள். தேய்த்தால் பூச்சு போய்விடும். வாயால் ஊதுவது, வேட்டி நுனியால் துடைப்பது எல்லாம் கூடாது. லென்ஸைக் கழற்றினால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: வளைந்த பக்கம் மேலே, தட்டையான பக்கம் பலகையைப் பார்த்து. மஞ்சளாகத் தெரியும் அந்த லென்ஸ் ஜிங்க் செலினைடு. விஷத்தன்மை உள்ளது, உடைந்தால் வெறும் கையால் பொறுக்காதீர்கள்.

பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். மறுபடி ஐந்து சதுரம் வெட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் மேற்கொண்டு எதையும் தொட வேண்டாம்.

5. டியூபிலிருந்து இரண்டாவது மிரர் வரை

பீம் போகும் வழி இது. பின்பக்கம் இருக்கும் டியூபிலிருந்து இடதுபுறம் ஓடி, இடது பின்மூலையில் அசையாமல் நிற்கும் 1-ஆம் மிரரில் படும். அங்கிருந்து முன்பக்கமாகத் திரும்பி, முன்னும் பின்னும் நகரும் குறுக்குத் தண்டின் இடது முனையில் இருக்கும் 2-ஆம் மிரருக்கு வரும். பிறகு வலதுபுறம் ஓடி, தண்டின் மேல் நகரும் ஹெட்டில் இருக்கும் 3-ஆம் மிரர்; அங்கிருந்து கீழே லென்ஸ். ஆற்றில் தண்ணீர் விட்டாலும் கடைமடைக்கு எட்டுகிறதா என்று நாம் பார்ப்போமே, அதுபோல இந்த மெஷினுக்கும் ஒரு கடைமடை உண்டு. பீம் அதிக தூரம் ஓடிச் சேரும் வலது முன்மூலைதான் அது. தலைமடையில் மயிரிழை சாய்ந்தால் அங்கே பல மில்லிமீட்டர் விலகும். ஆகவே வேலை டியூபிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெட்டாத மூலையில் ஹெட்டை நிறுத்திக்கொண்டு 3-ஆம் மிரரைத் திருகுபவர்கள் அந்த ஒரு மூலையைச் சரிசெய்து மற்ற மூன்றையும் கெடுப்பார்கள்.

முதலில் 1-ஆம் மிரர். மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக அதன் சட்டத்தின் மேல் ஒட்டுங்கள். மிரர் முகத்தில் பசை படக்கூடாது. டேப்புக்கும் மிரருக்கும் நடுவே இடைவெளி இருக்கட்டும். கரண்ட் 4, 5 மில்லிஆம்பியர். டெஸ்ட் பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும். பழுப்பாக ஒரு புள்ளி விழ வேண்டும், தீப்பிடித்தால் அதிகம். புள்ளி வட்டமாக, மிரரின் நடுப்பக்கம் இருந்தால் டியூபைத் தொடாதீர்கள். புள்ளியே இரண்டாகப் பிரிந்தோ வளையமாகவோ விழுந்தால் டியூபின் ஆயுள் முடியப்போகிறது என்று பொருள். எந்த ஸ்க்ரூவும் அதைத் தீர்க்காது.

அடுத்து 2-ஆம் மிரரின் சட்டத்தில் டேப். குறுக்குத் தண்டைக் கையால் பின்னுக்குத் தள்ளி, 1-ஆம் மிரருக்கு அருகே வைத்து ஒரு தட்டு. இது கிட்டப் புள்ளி. பிறகு தண்டை முன்கோடி வரை இழுத்து, அதே டேப்பில் இன்னொரு தட்டு. இது எட்டப் புள்ளி. முன்கோடியில் பீம் டேப்பையே தவறவிடும் அளவுக்கு விலகியிருக்கக்கூடும். அதனால் ஒரேயடியாக இழுக்காமல் பாதி வழியில் ஒரு முறை பாருங்கள்.

புதியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எட்டப் புள்ளியை மிரரின் நடுவுக்குக் கொண்டுவரத் திருகுகிறார்கள். நடுவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 1-ஆம் மிரரின் ஸ்க்ரூக்களால் எட்டப் புள்ளியைக் கிட்டப் புள்ளியின் மேல் கொண்டுவந்து உட்காரவைப்பது மட்டும்தான் இப்போதைய வேலை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் பீம் தண்டவாளத்துக்கு இணையாக ஓடுகிறது. அது ஓரத்தில் விழுந்தாலும் பரவாயில்லை.

மிரருக்குப் பின்னால் மூன்று ஸ்க்ரூ இருக்கும். மூலையில் இருப்பதை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டில் ஒன்று புள்ளியை மேலும் கீழும் நகர்த்தும், இன்னொன்று இடம் வலமாக. எது எது என்று கால் சுற்று திருப்பிப் பார்த்து, மார்க்கரால் சட்டத்தில் அம்புக்குறி போட்டுவிடுங்கள். லாக் நட்டைத் தளர்த்தாமல் திருப்பினால் மரை போய்விடும். எல்லாம் சரியானதும் நட்டை இறுக்கி, மறுபடி ஒரு தட்டு: இறுக்கும்போது புள்ளி நகர்வது சகஜம். நகர்ந்தால் திரும்பவும் செய்ய வேண்டியதுதான்.

இணை கிடைத்த பிறகு நடு. புள்ளி பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் 1-ஆம் மிரரின் அடித்தகட்டைத் தளர்த்தி டியூபின் நீளவாக்கில் நகர்த்துங்கள். மேலேயோ கீழேயோ இருந்தால் டியூபின் உயரம் மாற வேண்டும். பிடிப்புகளுக்கு அடியில் மெல்லிய ரப்பர் துண்டு வைத்து உயர்த்தலாம். இரு முனையும் ஒரே அளவு உயர வேண்டும். டியூப் கண்ணாடியால் ஆனது, பிடிப்பை அழுத்தி இறுக்கினால் விரிசல் விடும். பவர் கார்டைப் பிடுங்கி, நன்றாக நேரம் விட்டு, அதன் பிறகே டியூப் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். புள்ளி முழுதாக மிரருக்குள் விழுகிறது, நடுவுக்கு 2 மிமீ தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான் என்றால் நான் டியூபைத் தொடமாட்டேன்.

6. ஹெட், நான்கு மூலை

இதே வேலைதான், இப்போது திருகுவது 2-ஆம் மிரர். ஹெட்டின் பக்கவாட்டுத் துளையில் டேப் ஒட்டி, இடது கோடியில் ஒரு தட்டு, வலது கோடியில் ஒரு தட்டு. வலதுப் புள்ளியை இடதுப் புள்ளியின் மேல் கொண்டுவாருங்கள்.

பிறகு புது டேப் ஒட்டி நான்கு மூலையிலும் தட்டிப் பாருங்கள். இடது இரண்டும் ஒன்றாக, வலது இரண்டும் ஒன்றாக, ஆனால் இந்த ஜோடியும் அந்த ஜோடியும் வேறாக இருந்தால் 2-ஆம் மிரர். பின்மூலைகளும் முன்மூலைகளும் வேறுபட்டால் 1-ஆம் மிரருக்குத் திரும்புங்கள். மூன்று மூலை ஒன்றாகி, ஒன்று மட்டும் அடங்காமல் நின்றால் மிரரை விட்டுவிட்டு மேசையைப் பாருங்கள். மெஷினின் தகரப் பெட்டி மெலிதானது. சிவப்புச் சிமென்ட் தரையில், கால் ஆடும் கட்டிலில் வைத்தால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், உள்ளே தண்டவாளமும் சேர்ந்து முறுக்கும். ரசமட்டம் வைத்து, காலுக்கு அட்டை கொடுத்துச் சமன் செய்துவிட்டு மறுபடி தட்டுங்கள். குறுக்குத் தண்டு இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்றும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

நான்கும் ஒரே இடத்தில், ஆனால் துளையின் ஓரத்தில் விழுந்தால்: பக்கவாட்டு விலகலுக்கு 2-ஆம் மிரரின் தகட்டை நகர்த்துங்கள், மேல்கீழ் விலகலுக்கு ஹெட்டின் உயரத்தை மாற்றுங்கள்.

சிவப்புப் புள்ளி காட்டும் பாயிண்டர் உங்கள் மெஷினில் இருந்தால், அதை வைத்து அலைன்மென்ட் செய்யாதீர்கள். அது வேறொரு சின்ன லேசர். அதன் வழியும் வெட்டும் பீமின் வழியும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டேப் புள்ளியை மட்டும் நம்புங்கள்.

7. லென்ஸ் வழியே நேராகக் கீழே

முனையின் அடியில் டேப்பை அழுத்தி ஒட்டினால் துளையின் தடம் டேப்பில் பதியும். ஒரு தட்டு. புள்ளி தடத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் உரசினால் பீமின் ஒரு பகுதி முனையிலேயே தடுக்கப்பட்டு, வெட்டுக்கோட்டின் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு விழும். 3-ஆம் மிரரின் ஸ்க்ரூவில் சரிசெய்யுங்கள். சில ஹெட்களில் ஸ்க்ரூ இருக்காது, ஹெட்டையே தளர்த்திச் சற்றுத் திருப்ப வேண்டும்.

அப்புறம், 6 மிமீ அக்ரிலிக்கில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி விளிம்பைப் பாருங்கள். எதிர் எதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கொஞ்சம் சரிந்தால் அது இயல்பு, லென்ஸின் குணம். இரண்டும் ஒரே திசையில் சாய்ந்தால் பீம் சாய்வாக இறங்குகிறது. அக்ரிலிக் என்று சொல்லிப் பிவிசி ஷீட்டைக் கொடுக்கும் கடைகள் உண்டு. பிவிசியை வெட்டினால் வரும் அமிலப் புகை நுரையீரலையும் கெடுக்கும், தண்டவாளத்தையும் துருவேற்றும். சந்தேகம் இருந்தால் வெட்டாதீர்கள்.

கடைசியாக ஃபோகஸ். எம்.டி.எஃப் துண்டு ஒன்றைச் சாய்வாக நிறுத்தி, அதன் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். கோடு எங்கே மிக மெலிதாக இருக்கிறதோ, அங்கிருந்து முனை வரையுள்ள உயரத்துக்கு ஒரு அக்ரிலிக் துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அதை நிறுத்தி அளந்தால் போதும்.

8. காகிதங்கள்

டியூபுக்கு வாரண்டி பெரும்பாலும் 3 முதல் 6 மாதம். மிரர், லென்ஸுக்குப் பொதுவாகக் கிடையாது. ஜிஎஸ்டி பில்லில் டியூபின் வரிசை எண்ணை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். டியூபில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியையும் போட்டோ எடுங்கள், ஏனென்றால் சும்மா கிடந்தாலும் டியூபில் வாயு குறையும். ஒரு வருடம் கிடங்கில் இருந்த டியூபைப் புதிது என்று வாங்க வேண்டாம்.

லாரி ஆபீஸில் பெட்டியை எடுக்கும்போது மூலை நசுங்கியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் ரசீதிலேயே "பெட்டி சேதம்" என்று எழுதுங்கள். பிரிப்பதை நடுவில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் உடைந்த டியூபுக்குப் பணம் கேட்டால் விற்றவர் கூரியரைக் காட்டுவார், கூரியர் விற்றவரைக் காட்டும்.

சோதனை செய்த டேப்களை எறிந்துவிடாதீர்கள். தேதி, எந்த மிரர், எத்தனை மில்லிஆம்பியர் என்று எழுதி ஒரு நோட்டில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கரண்டில் புள்ளி வெளிறிப்போனால், டியூப் இளைக்கிறது என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. வாரண்டி கேட்கும்போதும் அதன் போட்டோ உதவும்.

9. மறுபடி எப்போது பார்ப்பது

மெஷினை நகர்த்திய ஒவ்வொரு முறையும், பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஓர் அடி தள்ளிவைத்திருந்தாலும்கூட. மற்றபடி மாதம் ஒரு முறை நான்கு மூலைத் தட்டு மட்டும். தை மாசியில் சம்பா அறுவடை மெஷின் தெருவில் போகும் நாட்களில் நெல் தூசு எல்லா இடத்திலும் படியும். அப்போது வாரம் ஒரு முறை மிரரைத் துடையுங்கள், ஸ்க்ரூவைத் தொட வேண்டியிருக்காது. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கும். அன்று சுத்தம், பெல்ட், ரசமட்டம் எல்லாவற்றையும் முடித்துவைத்து, கரண்ட் வந்ததும் டேப் வேலையைத் தொடங்கலாம். முகூர்த்த ஆர்டர் கொடுக்க வேண்டிய வாரத்தில் மட்டும், வெட்டிக்கொண்டிருக்கும் மெஷினை இன்னும் கொஞ்சம் நன்றாக்கலாம் என்று திறக்காதீர்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வெளிப்பெட்டியோடு நிற்கட்டும். சாம்பிராணி காட்டும்போது மூடி சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அந்தப் புகையும் லென்ஸில் படியும்.